தங்கச்சிக்காக நான் பேசிய சிங்களம்

என் தங்கச்சி சேலை மறைவில் உட்கார்ந்திருந்த அந்த ஒன்பது நாளைப்போல அவள் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பெரியவளாகிவிட்டாள் என்று, எங்கள் காம்பராவின் மூலையில் அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் பாய் போட்டு உட்காரவைத்தோம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பராவும் ஓர் அடுப்படியும்தான். அங்கே ஒரு பொம்பளைப் பிள்ளைக்குத் தனியாக ஒரு மூலை கிடைப்பது ஆயுசுக்கும் அந்த ஒன்பது நாள்தான். மற்றப் பிள்ளைகள் உள்ளே புழுங்கிப்போவார்கள், எப்போது வெளியே விடுவீர்கள் என்று நச்சரிப்பார்கள். இவள் பாடினாள். சோற்றைத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள். யாரும் அவளைத் தொடக்கூடாது, யாரும் அவளைப் பார்க்கக்கூடாது என்று சட்டமே போட்டாயிற்று. அவளுக்கு வேறென்ன வேண்டும்?

பிறந்ததிலிருந்தே அவள் அப்படித்தான். யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். ரவிக்கையின் கழுத்தில் இருக்கும் லேபலைப் பல்லால் கடித்துப் பிய்த்தபிறகுதான் போடுவாள். காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வாள். பதுளை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப்பெயர்களைக் கத்துவது, பக்கத்துக் காம்பரா டீவியில் சிங்கள நாடகத்துப் பொம்பளை அழுதுகொண்டே பேசுவது, எல்லாம் அதே குரலில், அதே இழுவையில் அவள் வாயிலிருந்து வரும். "இந்தா, கிளிப்புள்ள ஆரம்பிச்சிருச்சு" என்று சிரிப்போம். புரிந்துதான் சொல்கிறாள் என்று எங்களில் ஒருத்தரும் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளை மக்கு என்றார்கள், லயத்தில் ஒரு மாதிரி என்றார்கள், அம்மா பாவம் என்றாள்.

நான் அவளுக்குப் பதினொரு வயது மூத்தவள். பதுளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் பதினெட்டு வயதிலிருந்து நிற்கிறேன். சிங்களம் அங்கே கற்றுக்கொண்டதுதான். வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம். அப்பா செத்த வருஷம் நான் பெரியவளானதால் எனக்குச் சடங்கென்று ஒரு மண்ணும் நடக்கவில்லை. அந்த ஆத்திரம் உள்ளேயே கிடந்தது. தங்கச்சிக்காவது ஜாம்ஜாமென்று செய்யவேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். கடையிலிருந்து ஜரிகைச் சேலை எடுத்தேன், ஸ்பீக்கர் செட் பிடித்தேன், ஹாலிஎலயிலிருந்து போட்டோக்காரரை வரவழைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் மறைப்பை அவிழ்த்தபோதே அவள் கத்தத் தொடங்கினாள். ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு தேயிலைக்குள் ஓடினாள். நான் பின்னாலேயே ஓடி இழுத்துவந்தேன். அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், மாமி முறைக்காரிகள் ஒவ்வொருத்தராக அவள் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அவளுக்கு மூச்சு முட்டியது. பிறகு ஜரிகைச் சேலையைச் சுற்றி, அதே பிடியோடு போட்டோவுக்கு நிற்கவைத்து, "சிரிடி, மானத்த வாங்காத" என்றேன். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள். விசேஷம் முடிந்தது.

அந்தப் போட்டோவைப் பார்த்தால் அக்கா தங்கச்சியின் கையை ஆசையாகப் பிடித்திருப்பதுபோல இருக்கும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். அவள் தினமும் அதன்மேல் துவாயைப் போட்டு மூடுவாள். நான் பதுளையிலேயே ஓர் அறையில் தங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போகிறவள். போகும்போதெல்லாம் அந்தத் துவாயை எடுத்துவிட்டு, "துவாய் காயப்போட வேற எடமே கெடைக்கலையா ஒனக்கு?" என்று ஏசுவேன். எத்தனை வருஷம் இப்படி ஏசினேன்!

வளர்ந்தபிறகு அவள் அம்மாவோடு மலைக்குப் போனாள். மலை என்றால் எங்களுக்குக் கொழுந்து பறிக்கிற இடம். தேயிலை வரிசையில் ஓரத்து நெரையைக் கொடுத்து, பேச்சுக்கொடுக்காமல் விட்டுவிட்டால், கூடை நிறையப் பறிப்பாள். பழைய கங்காணிக்கு அது தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புதிதாக ஒரு கங்காணி வந்தார். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் அவளை நடு நெரைக்குப் போகச் சொன்னார். அவள் நகரவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நின்ற இடத்திலேயே உட்கார்ந்தவள் மத்தியானம்வரை எழும்பவில்லை. அன்றோடு மலைக்குப் போவது நின்றது. சாப்பாடு குறைந்தது. தன் மணிக்கட்டைத் தானே கடிக்க ஆரம்பித்தாள்.

அம்மா எனக்குப் போன் எடுத்தாள். "வந்து கூட்டிக்கிட்டுப் போயி யாருகிட்டயாவது காட்டு புள்ள. இவ என் கண்ணு முன்னாலயே போயிருவா போல இருக்கு."

பதுளையில் ஒரு மனநல கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இளவயது சிங்கள டாக்டர், நல்ல மனுஷி. தனக்குத் தமிழ் தெரியாது, நீங்களே இரண்டு பக்கமும் சொல்லுங்கள் என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். கங்காணி கையைப் பிடித்து இழுத்ததையும் அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னேன். டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான்: "கையைப் பிடித்தால் பயப்படுவது எப்போதிலிருந்து?"

நான் தமிழில் கேட்டேன். தங்கச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரலில், ஆரம்பித்தாள். "சடங்கன்னைக்கு. அக்கா ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டா. தண்ணி ஊத்துனாங்க. மூக்குல தண்ணி போச்சு. மூச்சு வரல. அக்கா சிரிடின்னா." இன்னும் பேசினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்தனை வருஷமும் அது அவளுக்குள் இருந்திருக்கிறது.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில் சொன்னேன்: "சின்ன வயதில் வீட்டு விசேஷம் ஒன்றில் கூட்டத்தைக் கண்டு பயந்துவிட்டாளாம்."

"இவ்வளவு நேரம் பேசினாரே?"

"அவ்வளவுதான் டாக்டர். சொன்னதையேதான் சொல்வாள்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம்தான். அந்த மேசைக்கு முன்னால் நான் தங்கச்சியைத் தூக்கிச் சுமக்கிற நல்ல அக்கா. அந்த இடத்தை விட எனக்கு மனம் வரவில்லை. நான் சொன்னதை வைத்து டாக்டர் பயத்துக்கு மாத்திரை எழுதினார். மாத்திரை போட்டால் தூங்கினாள், விழித்தால் மணிக்கட்டைக் கடித்தாள். மாதாமாதம் போனோம், மாதாமாதம் டாக்டர் ஏதாவது கேட்டார், மாதாமாதம் நான் பாதியைச் சொன்னேன்.

அதோடு விட்டேனா? பண்டாரவளைப் பக்கம் ஒருவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சரியாக்கிவிடுவார் என்று யாரோ சொல்ல, அங்கேயும் கூட்டிப்போனேன். கையை மேசைமேல் அசையாமல் வைக்கவேண்டும், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும், இதுதான் அவருடைய பயிற்சி. வீட்டில் நான் வாத்தியாரானேன். மோவாயைப் பிடித்து நிமிர்த்தி "கண்ணப் பாரு, கண்ணப் பாரு" என்றேன். பார்க்கவும் பழகிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக என் கண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா தரையைக் காட்டினாள். தங்கச்சி இருந்த இடத்திலேயே சிறுநீர் போயிருந்தாள்.

"அவ பாக்கலடி, பயத்துல முழிக்கிறா. ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று அம்மா என்னை ஏசினாள். அதற்குப் பிறகு பண்டாரவளைக்குப் போகவில்லை.

வழி கடையில்தான் கிடைத்தது. ஒரு முஸ்லிம் அம்மா பையனுக்குச் சட்டை எடுக்க வந்தவர், "மகள், இந்த லேபல வெட்டித் தாங்க. எங்கட மகனுக்குக் கழுத்துல இது பட்டா ஏலாது" என்றார். கத்தரிக்கோலோடு அப்படியே நின்றுவிட்டேன். என் தங்கச்சியும் அப்படித்தான் என்றேன். அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பின் தெருவில் ஒரு மாடியில் சனிக்கிழமைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிற தமிழ் மிஸ் ஒருத்தர் இருக்கிறார் என்றார். "அவங்க புள்ளைய மாத்தப் பாக்க மாட்டாங்க. அதுதான் எனக்குப் புடிச்சது" என்றார்.

அந்த மிஸ்ஸின் அறையில் முதலில் நடந்தது, டியூப் லைட்டை அணைத்தது. "இது உய்ங்னு கத்துது, ஒங்களுக்கும் கேக்குதா?" என்று தங்கச்சியிடம் கேட்டார். தங்கச்சி தலையாட்டினாள். அடுத்து, எங்கே உட்கார விருப்பம் என்று கேட்டார். அவள் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த மூலையில் போய் உட்கார்ந்தாள். நான் வாய் சும்மா இருக்காமல், "இங்க வாடி, மிஸ்ஸ பாத்துப் பேசு" என்றேன். மிஸ் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார். "வேணாங்க. அவங்க பாக்காமத்தான் நல்லா கேப்பாங்க. நானும் பாக்கல" என்றார்.

என்னிடமும் கொஞ்சம் பேசினார். இதை ஆட்டிசம் என்பார்கள், இது நோயில்லை, உங்கள் தங்கச்சி ஆளே அப்படி, அதைச் சுகப்படுத்த ஒன்றும் கிடையாது என்றார். "ஆனா இந்தக் கைக்கடி, இந்தப் பயம், இது வேறங்க. இது பொறக்கும்போது வந்தது இல்ல. எங்கயோ நடந்து வந்தது. அத அவங்க சொல்லட்டும்."

பிறகு அவர் தங்கச்சியிடம் கேட்டார்: "அக்கா உள்ள இருக்கட்டுமா, வெளிய இருக்கட்டுமா?"

நான் எழும்பக்கூட நினைக்கவில்லை. அவளுக்கு என்னை விட்டால் யார்?

"வெளிய" என்றாள் மூலையிலிருந்து. "அக்கா மாத்திச் சொல்லும்."

மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் விடாமல் கேட்டது. என்ன சொன்னாள் என்று காது கொடுத்துக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அழத்தான் முடிந்தது.

எங்கள் தோட்டம் இருக்கிற தெமோதரைக்குப் போகிற பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஹாலிஎல தாண்டியதும் மெதுவாகக் கேட்டேன், "நான் என்னடி மாத்திச் சொன்னேன்?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னாள். "சின்ன வயதில் வீட்டு விசேஷம் ஒன்றில் கூட்டத்தைக் கண்டு பயந்துவிட்டாளாம். அவ்வளவுதான் டாக்டர். சொன்னதையேதான் சொல்வாள்." என் குரல். கடையில் நின்று நான் பழகிக்கொண்ட அதே இழுவை. முன் சீட்டில் இருந்த சிங்கள ஆள் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"ஒனக்குச் சிங்களம் புரியுமா?"

"டீவி கேக்கும்ல" என்றாள்.

டாக்டரின் அறையில் நான் விழுங்கியது ஒவ்வொன்றும் அவளுக்குப் புரிந்தேயிருந்தது. "மன்னிச்சிருடி" என்றேன். அந்த வார்த்தையை வைத்து அவள் என்ன செய்வாள், பாவம். லயத்துக்கு இறங்குகிற இடம் வந்ததும், "டாக்டர்கிட்டச் சொல்லு" என்றாள். அன்று வீட்டுக்குப் போனதும் போட்டோவைக் கழற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். மூலையில் சேலை ஒன்றைக் கட்டிவிட்டோம். அவள் இப்போது அதற்குள்தான் சாப்பிடுகிறாள், கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிடுகிறாள்.

கிளினிக் நாள் வருவதற்குள் நழுவிவிட எத்தனை வழி யோசித்தேன் தெரியுமா! அம்மாவை அனுப்பலாமா, காய்ச்சல் என்று சொல்லலாமா என்றெல்லாம். கடைசியில் போனேன். டாக்டர் வழக்கம்போல எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னேன். அன்று இவள் சொன்னதை நான் உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், தண்ணீர் ஊற்றினார்கள், மூச்சு வரவில்லை, அக்கா சிரிக்கச் சொன்னாள் என்றாள். அந்த அக்கா நான்தான். அவ்வளவுதான் டாக்டர்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். நெஞ்சிலிருந்து கல்லை இறக்கியதுபோல எனக்கு மூச்சு வந்தது.

அப்போது தங்கச்சி பேசினாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, டாக்டரிடம் நேராக, சிங்களத்தில். யார் குரலும் இல்லாமல், அவளுடைய சொந்தக் குரலில்.

"பிறகு அடுப்படியில் விட்டு அக்கா பூட்டுப் போட்டாள்."

உண்மை. வந்தவர்களுக்கு முன்னால் கத்துகிறாள் என்று, போட்டோ எடுத்ததும் உள்ளே தள்ளிப் பூட்டினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. மேலே சடங்கைப் பற்றி எழுதியபோதும் சொல்லவில்லை, வந்தவர்கள் சாப்பிட்டுப் போனார்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. அவளிடமே கேட்டார், "எவ்வளவு நேரம்?"

"பாட்டு நிற்கும்வரைக்கும்" என்றாள்.