ஆம்பூரில் ஒரு கல்யாணமும் ஓசை வராத பறையும்

அலுவலகத் தோழி கைப்பேசியில் காட்டிய ஒன்றரை நிமிடக் காணொளிதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். ஒரு பெண் பறை அடிக்கிறாள். ஒருவர் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே உருதும் தமிழும் கலந்து பாடுகிறார். இன்னொருவர் டோலக். கீழே 'ரெண்டாம் ஷிஃப்ட், ஆம்பூர்' என்று குழுவின் பெயர் எழுதியிருந்தது. பதினோரு முறை போட்டுக் கேட்டேன். பன்னிரண்டாவது முறை தோழி கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு, அவர்கள்கூட வேலை செய்யும் பெண்ணின் கல்யாண விருந்தில் வாசிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எப்படியோ எண் வாங்கிப் பேசிவிட்டேன். "வாங்கக்கா, சாப்பாடும் உண்டு" என்றார்கள். அப்புறம் என்ன!

சென்னை சென்ட்ரலில் காலை 7.40க்கு ரயில். சுமார் 180 கி.மீ., உட்காரும் இருக்கைக்கு நூற்றைந்து ரூபாய். 10.25க்கு ஆம்பூரில் இறங்கினேன். ஆட்டோக்காரர் நூறு கேட்டார், அறுபதுக்கு இறங்கி வந்தார்.

"பிரியாணிக்கு வந்தீங்களாம்மா?"

"இல்லண்ணே, பாட்டு கேக்க."

"ஆம்பூருக்கா? பாட்டு கேக்கவா?" என்று கண்ணாடியில் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

சர்ச்சை ஒட்டிய மண்டபத்தின் பின்பக்கம் மூவரும் இருந்தார்கள். ரூபி பி.காம். முடித்துவிட்டு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். ஆர்மோனியக்காரர் இம்தியாஸ் அதே கம்பெனியில் கட்டிங். டோலக் வாசிக்கும் தனசேகருக்குப் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் வேலை. மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

விஷயம் இதுதான். பறைக்குக் கட்டுவது பதனிடாத பச்சைத் தோல். வாசிப்பதற்கு முன் நெருப்பில் காய்ச்சினால்தான் விறைத்து ஓசை கொடுக்கும். மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே என்று, தனசேகர் தன் கைத்திறமையைக் காட்டியிருக்கிறார். ரூபியின் பறைக்குப் புதுத் தோல் எடுத்து, ஷூவுக்குச் செய்வதுபோலவே பதனிட்டு, எண்ணெய் கொடுத்துக் கட்டிவிட்டார்!

"தொட்டுப் பாருங்கக்கா, எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்றார் பாவமாக. தொட்டேன். வெண்ணெய் தோற்றது. ரூபி ஓங்கி ஓர் அடி அடித்தாள். தலையணையில் குத்தியதுபோல 'தொப்' என்றது.

"இன்னாண்ணே இது, பறையா பூட்ஸா?" என்றாள் ரூபி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

விருந்துக்கு அவளுடைய அம்மாவும் வருகிறார். அந்தக் குடும்பத்து ஆண்களை ஒரு காலத்தில் சாவுக்குப் பறை அடிக்க ஆளனுப்பிக் கூப்பிடுவார்களாம், பேர்கூடச் சொல்லாமல். அந்த அவமானம் மகளைத் தொடக் கூடாது என்றே அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்திருக்கிறார். "நீ பறைய எடுத்தா நான் எழுந்து போய்டுவேன்" என்று காலையிலும் சொல்லியிருக்கிறார்.

"ஊரே கேக்க வேணாம்க்கா. எங்கம்மா ஒரே ஒரு பாட்டு உக்காந்து கேக்கணும். அவ்ளோதான்" என்றாள் ரூபி.

தனசேகர் வீட்டில் பழைய பறை ஒன்று பச்சைத் தோலோடு இருந்தது. பேரணாம்பட்டு இருபது கி.மீ. நிகழ்ச்சி ஒரு மணிக்கு. அவர் வண்டியை உதைத்தபோது மணி 10.50. திரும்பும்போது பறையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே! நானே ஏறிவிட்டேன். ஊர் சுற்றத்தானே வந்தேன்?

மலையோரச் சாலை, முகத்தில் தூறல். தனசேகர் தலையைத் திருப்பித் திருப்பிக் கத்திக்கொண்டே வந்தார், எனக்கோ அவர் ரோட்டைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. "இம்தியாஸ் நம்ம தோஸ்து. அவன் பாட்டெல்லாம் தர்கால சின்ன வயசுலேர்ந்து கேட்டது. ரூபி சர்ச் கொயர்ல பாடும். அடி மட்டும் சாவு ஊர்வலத்துல கேட்டுக் கேட்டு மனசுல வெச்சிருந்துது. எனக்கு டிரம்முதான்க்கா. தோல் ஊறப் போட்டுச் சுத்துமே, அந்தப் பெரிய மர டிரம். எட்டு மணி நேரம் அந்தத் தாளத்துலயே நின்னா, கை தானா தட்டும்." காணொளியில் கேட்ட மெட்டும் தாளமும் எங்கிருந்து வந்தன என்பது அந்த வண்டியில்தான் எனக்குப் புரிந்தது.

12.20க்குத் திரும்பினோம். துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தும் தூறலில் தோல் தொங்கிப்போயிருந்தது. கேட்டுக்கு வெளியே காய்ந்த தென்னமட்டையைக் கொளுத்தி ரூபி காய்ச்சத் தொடங்கினாள். அவசரத்தில் தீக்கு வெகு அருகே பிடித்தாள். அந்நேரம் பார்த்து அவள் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். ரூபி நிமிரவில்லை.

அம்மா இரண்டடி தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்து பறையைப் பிடுங்கினார்.

"இவ்ளோ கிட்டக் காட்டுனா வெடிச்சிடும்டி. எத்தினி வாட்டி உங்கப்பாவுக்குக் காய்ச்சிக் குடுத்திருக்கேன்!"

ஓரத்தைச் சுற்றிச் சுற்றி அனலில் காட்டினார். நகத்தால் சுண்டினார். 'டங்' என்றது. மகளிடம் நீட்டினார்.

ஒரு மணிக்கு ஆரம்பித்த வாசிப்பை எழுத எனக்குத் தெம்பில்லை. ஆர்மோனியம் இழுக்க, இம்தியாஸ் குரல் ஏற, பறை உள்ளே புகுந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள்கூட இலையை விட்டு எழுந்து ஆடினார்கள். நானும் ஆடினேன், கையில் கத்திரிக்காய்த் தொக்கோடு! அம்மா இரண்டாவது வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து பாட்டும் உட்கார்ந்து கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: அவர்களுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை, மற்ற நாளில் போனால் பேஜார்தான். முன்கூட்டியே பேசிவிடுங்கள். திரும்புவதற்கு மாலை ரயில்கள் உண்டு. பேருந்து என்றால் வேலூரில் மாறினால் வசதி. எனக்கு ஆன மொத்தச் செலவு, தனசேகர் வண்டிக்குப் போட்ட நூறு ரூபாய் பெட்ரோலோடு சேர்த்து, ஐந்நூறைத் தொடவில்லை.

இன்னொன்று. சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போங்கள். அன்று நான் கிளம்பும்போது ரூபியின் அம்மாவிடம், எப்படி வாசித்தாள் என்று கேட்டேன்.

"மூணாவது பாட்டுல சூடு ஆறிப் பறை ஓசை எறங்கிப்போச்சு, அவளுக்குத் தெரியல" என்றார். "அடுத்த வாட்டி நெருப்பு பக்கத்துல நான் இருக்கேன்."