சொரசொரப்புப் பக்கம்

என் வீட்டுக்காரருக்கு ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாட்டுவதுதான் வேலை. தப்பை ஒப்புக்கொள்வது மட்டும் அவருக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. பதினோரு வருடத்துக்கு முன்பு, மாமனார் விட்டுப்போன மரப்பெட்டிக் கேமரா யாருக்கு என்று இவரும் இவருடைய அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில், அதன் பின்பக்கத்துச் சொரசொரப்புக் கண்ணாடி உடைந்தது. படம் எடுக்கும் முன் உருவம் தெளிவாக விழுகிறதா என்று அதில்தான் பார்க்க வேண்டும். கேமரா எங்கள் வீட்டுக்கு வந்தது. பேச்சு நின்றுபோனது.

போன மாதம் என் ஓரகத்தி மூலமாக அண்ணன் சொல்லி அனுப்பினார். கேமராவைச் சரிசெய்தால் ஒரே ஒரு தடவை வந்து தம்பியோடு படத்துக்கு உட்காருவாராம். அதற்கப்புறம் கூப்பிடக் கூடாதாம்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. மெல்லிய கண்ணாடியைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டினார். வால்வு தேய்க்கும் கருந்தூளை மெக்கானிக்கிடம் வாங்கி வந்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார். அந்தக் கரகரச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வழவழப்பாகத் தெரிந்த இடங்களை மறுபடியும் தேய்த்தார். சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். "வாங்கண்ணே" என்றார் இவர். "ம்" என்றார் அவர். அண்ணனின் முகத்தைக் கண்ணாடியில் தெளிவாக்கி, ஃபிலிமைப் போட்டுவிட்டு, இவர் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷட்டரை அழுத்தியது நான்.

படம் கழுவி வந்தது. பின்சுவரில் ஆணி அடித்த ஓட்டைகூடப் பளிச்சென்று இருந்தது. அண்ணனும் தம்பியும் மட்டும் மங்கலாக விழுந்திருந்தார்கள்.

"நீ கேமராவை ஆட்டிட்ட" என்றார் இவர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் ஆட்டியிருந்தா சுவரும் ஆடியிருக்கணுமே? அது மட்டும் எப்படிப் பளிச்சுன்னு இருக்கு?"

இவர் கேமராவின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது. சொரசொரப்புப் பக்கம் வெளியே இருந்தது. குளியலறை ஜன்னலுக்கு அப்படித்தான் மாட்டுவார். உள்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் ஈரம் பட்டதும் தெளிந்துவிடும், குளிப்பவர் மானம் கப்பலேறிவிடும். கேமராவிலோ சொரசொரப்பு லென்ஸைப் பார்க்க வேண்டும், ஃபிலிம் நிற்கிற அதே இடத்தில். கண்ணாடியின் கனத்தளவுக்குக் குறி தள்ளிப்போய், முகங்களுக்குப் பதில் பின்சுவர் தெளிவாக விழுந்துவிட்டது.

"நீ போய் அண்ணிகிட்ட சொல்லேன்."

"நான் ஆட்டலைன்னு வேணா சொல்றேன். மிச்சத்தை நீங்களே போய்ச் சொல்லுங்க."

அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியவர் தெருமுனையிலேயே திரும்பி வந்துவிடுவாரோ என்று நானும் கூடவே போனேன். கதவைத் திறந்தது அண்ணன்தான். இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கண்ணாடியைப் பக்கம் மாத்தி மாட்டிட்டேண்ணே. தப்பு என்னோடதுதான். இன்னொரு தடவை வந்து உட்காரணும்."

இவர் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அண்ணன் இவர் கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்த்தார்.

"நாளைக்கு வர்றேன்டா. நாளைக்கும் தப்பா மாட்டு, நாளன்னிக்கும் வர்றேன்."