முப்பது நாள் படுக்கையும் பழைய கால்களும்

லைட்ஹவுஸ் குப்பத்து வின்சென்ட்டுக்கு வயது முப்பத்தெட்டு. இருபது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். ஃபைபர் போட்டின் முன்முனையில் எதையும் பிடிக்காமல் நின்றபடி வலை இழுப்பார். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலை போட்டைத் தூக்கி அடிக்கும்போது மற்றவர்கள் உட்கார்ந்து பலகையைப் பற்றிக்கொள்வார்கள். வின்சென்ட் நிற்பார். அதை ஒரு திறமை என்று அவரும் நினைத்ததில்லை, ஊரும் நினைத்ததில்லை.

பெங்களூருக்கு அவரை அழைத்தவள் தஹ்சீன். பழவேற்காட்டுப் பெண். பிசியோதெரபி படித்துவிட்டு பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். பழவேற்காட்டில் அவள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொடுப்பது வின்சென்ட்டின் மனைவி ஜாக்குலின். விடுமுறைக்கு வந்திருந்த ஒருநாள், மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த வின்சென்ட்டிடம் தஹ்சீன் பேச்சுக் கொடுத்தாள்.

"விண்வெளிக்குப் போனா உடம்புக்கு எடையே தெரியாதுண்ணா. அப்ப மூளைக்கு இன்னா ஆவுதுன்னு பாக்கறோம். அதுக்கு ஆளுங்க வேணும்."

"ராக்கெட்ல ஏத்துவீங்களா?"

"இல்லண்ணா. கட்டில்ல படுக்க வெப்போம்."

ஜாக்குலின் சிரித்துவிட்டாள். "படுத்துக்கறதுக்கு பெங்களூரு போவணுமா?"

தஹ்சீன் விளக்கினாள். தலைப்பக்கம் சற்றுத் தாழ்ந்த கட்டிலில் முப்பது நாள் எழுந்திருக்காமல் படுத்திருக்க வேண்டும். விண்வெளியில் நடப்பதுபோலவே ரத்தமும் நீரும் தலைப்பக்கம் ஏறும். காலில் எடை விழாது. அதற்கு மூளை எப்படித் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

வின்சென்ட் சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. பிறந்ததிலிருந்து ஏரிக்கு அந்தப் பக்கமுள்ள ஏவுதளத்திலிருந்து ராக்கெட் ஏறுவதைப் பார்த்தவர் அவர். அது கிளம்பும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று உத்தரவு வரும். "அது போற அன்னிக்கெல்லாம் நம்மள வீட்ல உக்காருன்றாங்க. ஒரு தபா நானும் உள்ள பூந்து பாக்கறனே" என்றார்.

படுப்பதற்கு முன் ஒரு சோதனை வைத்தார்கள். தடிமனான ஸ்பாஞ்சு மேல் கண்ணை மூடி நிற்க வேண்டும். வந்திருந்த இளைஞர்களில் பலர் பத்து நொடியில் தடுமாறினார்கள். வின்சென்ட் போதும் என்று சொல்லும் வரை நின்றார். சோதனையை நடத்திய டாக்டர் பக்கத்து அறையிலிருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். "இவரோட மூளை கால்பாதம் சொல்றத அவ்வளவு நல்லா கேக்குது" என்றார். வின்சென்ட் அன்றைக்கு ஜாக்குலினிடம் போனில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

படுக்கை முதல் மூன்று நாள் வதைத்தது. முகம் வீங்கிப்போனது, ஜலதோஷம் பிடித்ததுபோல் மூக்கடைத்தது, இடுப்பு வலித்தது. சாப்பாடு ஒருக்களித்துப் படுத்தபடி, குளியலும் படுத்தபடியே. நான்காம் நாளிலிருந்து பழகிவிட்டது. அப்புறம் வேறொன்று வந்தது. கால் தன்னுடையதாகவே தோன்றவில்லை. போர்வைக்குள் கையை விட்டுத் தொடையைத் தடவிப் பார்த்துக்கொள்வார். ஸ்கேனில், மண்டைக்குள் மூளை கடுகளவு மேலே நகர்ந்திருப்பது தெரிந்தது. எதிர்பார்த்ததுதான், திரும்பிவிடும் என்றார் டாக்டர்.

முப்பத்தோராம் நாள் இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். வின்சென்ட் இடப்பக்கம் சாய்ந்தார். அவர்கள் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார்.

"தரை ஓடுது பாப்பா" என்றார் தஹ்சீனிடம்.

அதே ஸ்பாஞ்சு, அதே மூடிய கண். இந்தமுறை நான்கு நொடி. தாங்கிப்பிடித்த கையை அவர் வெகுநேரம் விடவில்லை.

"எல்லாருக்கும் இப்படித்தாண்ணா. எடை விழாம இருந்ததால கால் பேசறத மூளை கவனிக்காம விட்டுடுச்சு. திரும்பவும் கேக்க ஆரம்பிக்கும்" என்றாள் அவள்.

இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். நன்றாகவே நடந்தார். மாடிப்படி ஏறினார். ஊருக்கு அனுப்பினார்கள்.

ஆனால் வின்சென்ட் கடலுக்குப் போகவில்லை. முதலில் வாடைக்காற்று பலமாக இருக்கிறது என்றார். பிறகு உடம்பு வலி என்றார். அவருடைய போட்டில் பங்குதாரரான முத்துராஜ் மூன்று தரம் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போனார். பதினோரு நாள் இப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் காலை ஜாக்குலின் கொல்லைப்பக்கம் போனபோது, வின்சென்ட் தலையெல்லாம் சோப்பு நுரையோடு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அடிபம்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார்.

"இன்னாயா பண்ற?"

"ஒண்ணுமில்ல. தல குளிக்கறேன்."

"பம்ப வுடு."

அவர் விடவில்லை. ஜாக்குலின் தண்ணீர் மொண்டு அவர் முகத்தில் ஊற்றினாள். கண் திறந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். கண் மூடினால் தலை சுற்றுகிறது, போட்டில் காலை வைக்கவே பயமாக இருக்கிறது, இனிமேல் தன்னால் தொழில் பண்ண முடியாதோ என்று தோன்றுகிறது.

"இத்தினி நாளா எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"சிரிப்பியோனு."

அவள் சிரிக்கவில்லை. அங்கேயே நின்றபடி தஹ்சீனுக்குப் போன் போட்டாள். தஹ்சீன் முழுவதும் கேட்டுவிட்டு முதலில் அவரைத்தான் கோபித்தாள், இதை உடனே சொல்லியிருக்க வேண்டும் என்று. டாக்டரிடம் பேசிவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"பயப்படறதுக்கு ஒண்ணுமில்லக்கா. நாங்க குடுத்த பயிற்சியெல்லாம் ஆடாத தரையில. அண்ணன் மூளைக்கு ஆடற தரைதான் பழக்கம். கடல் வேணாம், ஏரியில ஆழமில்லாத இடத்துல ஆரம்பிங்க. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கணும், கூட ஒரு ஆள் இருக்கணும்."

"நான் கீறேன்" என்றாள் ஜாக்குலின்.

ஏரியில் கோட்டைக்குப்பத்துப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் ஒரு சின்னப் படகை நிறுத்தினார்கள். வின்சென்ட் மேலே நின்றார். ஜாக்குலின் தண்ணீரில் நின்று படகை ஆட்டினாள். முதல் நாள் ஆறு தரம் விழுந்தார். வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் பார்ப்பது அவருக்கு அவமானமாக இருந்தது. "பாத்தா பாக்கட்டும், ஏறு" என்றாள். இரண்டாம் நாள் ஐந்து தரம். மூன்றாம் நாள் மறுபடி ஆறு.

ஆறாம் நாள் படகோரம் இறால் கூட்டம் ஒன்று துள்ளியது. வின்சென்ட் குனிந்து பார்த்தார். ஜாக்குலின் அந்த நேரம் பார்த்துப் படகை ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். அவர் இறாலைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"யோவ், நீ விழல."

"எப்ப?"

"இப்பதான். போட்டு அம்மாம் சாஞ்சிச்சி. நீ பாட்டுக்கு நின்னுனு கீற."

வின்சென்ட் தன் முட்டியைப் பார்த்தார். அவர் சொல்லாமலே அது மடங்கிக் கொடுத்திருந்தது. "இன்னொரு தபா தள்ளு" என்றார். தள்ளினாள். நின்றார். கண்ணை மூடிக்கொண்டு "தள்ளு" என்றார். சற்றுத் தள்ளாடினார், ஆனால் விழவில்லை.

அடுத்த வாரம் தஹ்சீன் நேரில் வந்து சோதித்துவிட்டு, போகலாம் என்றாள்.

விடியலில் முத்துராஜோடு கிளம்பினார். முகத்துவாரத்தில் முதல் அலை வந்தபோது உட்கார்ந்திருந்தார். இரண்டாவதுக்கு எழுந்தார். போட்டு ஏறி இறங்கியது. முத்துராஜ் பின்னாலிருந்து, "இன்னா வின்சென்ட்டு, உக்காரலியா?" என்று கத்தினார். வின்சென்ட் மூன்றாவது அலைக்கும் நின்றார்.

பத்து மணிக்குக் கரை திரும்பினார்கள். மீன் சுமார்தான். மணலில் காத்திருந்த ஜாக்குலின் கூடையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"விழுந்தியா?"

"இல்ல."

"நெசமா?"

"முத்துராஜ கேளு."

அவள் முத்துராஜைக் கேட்கவில்லை. வெறும் மணலில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள். வின்சென்ட் பிடித்துத் தூக்கிவிட்டார். இருவரும் மீனை இறக்கப் போனார்கள்.