மீனெண்ணெய் ஏப்பம்

மூட்டுக்கு நல்லது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த மீனெண்ணெய் மாத்திரைக் குப்பியைத் திறந்ததும் அடித்த வாடை, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம், இன்று செல்போன் கடையாகிவிட்ட பழைய டிஸ்பென்சரிக்கு என்னைக் கொண்டுபோனது: பினாயில் நெடி ஏறிய பச்சைத் திரை, கண்ணாடி ஜாடிக்குள் மஞ்சள் மாத்திரைகள், கம்பவுண்டர் மூடியைத் திருகும்போது எழும் கிறீச்.

தேவாங்கு போலிருந்த எனக்குச் சதை பிடிக்கட்டுமென்று, மீன்காரர் தெருவில் வந்தாலே ஜன்னலைச் சாத்தும் சைவரான அப்பாவுக்குத் தெரியாமல், அம்மா அங்கே கூட்டிப்போவாள்.

"அண்ணாச்சி, இது மீன்தான?"

"மீனை யாரும்மா குடுத்தா? வெறும் எண்ணெய். மெல்லாம முழுங்கினா சைவம். கண்ணு தெளியும், எலும்பு உறுதிப்படும்."

"புத்தி வருமா?"

"அதுக்கு வேற இடம் பாக்கணும்."

விழுங்குவது சுலபம், பிறகு வரும் ஏப்பத்தில்தான் என் உயிர் ஊசலாடும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் வாயை இறுக்கி, மூக்கால் மூச்சுவிட்டு, கேள்விக்கெல்லாம் தலையாட்டியே சமாளிப்பேன். ஒருநாள் சாமி பாட்டு பாடச் சொன்னார். வாயைத் திறந்தேன்; பாட்டுக்கு முன்னால் ஏப்பம் வந்தது.

அப்பா குனிந்து என் வாயை மோந்து பார்த்தார். அவர் அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் காதில் சொன்னார்:

"ஏலே, கம்பவுண்டர் ஒனக்குமா குடுக்கான்? அம்மைட்ட சொல்லிராத."