பூசைக்கு நின்ற புரோகிராம்

எழுபதுகளின் கடைசியில் பாலக்காட்டுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் பயிற்சிக்கு இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். உதிரிபாகம் எதை எவ்வளவு இருப்பு வைப்பது என்று கணக்கிட ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். ஆயுத பூசை விடுமுறை முடிந்ததும் விடை கைக்கு வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் பயிற்சியோடு சரி என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மெசினில் முதல் உரிமை சம்பளக் கணக்குக்கு. அது அச்சடிக்கக் காத்திருக்கும் இடைவெளிகளில் என் புரோகிராம் பின்னணியில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடும். பாதிக் கணக்கைச் சேமிக்கக் காந்த நாடா கேட்டேன், கிடைக்கவில்லை. ஆகவே நடுவில் நின்றால் முதலிலிருந்துதான்.

ஊருக்குக் கிளம்பும்போது ஆபரேட்டரிடம் சொன்னேன். எங்கள் ஊர்ப் பக்கத்து வடகரப்பதிக்காரர். "அண்ணா, லீவுலயும் இது ஓடோணுங்க."

"அது பாட்டுக்கு ஓடும். நீ போய்ப் பொரி தின்னு தம்பி."

திரும்பி வந்தபோது மெசின் முழுக்கச் சந்தனப் பொட்டு. என் புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் முதல் கட்டத்தில்.

"ஏனுங்கண்ணா, நிறுத்துனீங்களா?"

"பூசை போட்ட மெசினை அன்னிக்கு ஓட்டுவாங்களா? உங்கூட்டு மோட்டாரை ஓட்டுனீங்களா? காலைல மறுபடி போட்டு உட்டுட்டனே!"

நாங்களும் ஓட்டவில்லைதான். கிணற்று மோட்டாருக்குப் பொட்டு வைத்தவனே நான்.

"உட்ட எடத்துல இருந்து வராதுங்கண்ணா."

அவர் முகம் செத்துவிட்டது. "நடுவால எங்காச்சும் நீ எழுதி வெச்சிருப்பீன்னு நெனச்சேன் தம்பி."

மேலாளரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டேன். கற்பூரம் காட்டியதே அவர்தானாம். "பூஜைக்கு நிறுத்தாம இருக்க முடியுமா? அதையும் நீ யோசிச்சிருக்கணும்," என்றார். ஓடுவதை ரத்துசெய்யச் சொன்னார். ஆபரேட்டர் கை வைக்க மாட்டேன் என்றதால் கட்டளையை நானே தட்டினேன்.

கொழிஞ்சாம்பாறை பஸ் பிடித்து ஊர் சேர்ந்தேன். அப்பா கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"வேலை நெலச்சுதா?"

"இல்லீங்கப்பா."

"அந்த மெசினு வேற எங்காச்சும் இருக்குதா?"

"இந்தப் பக்கம் எங்கயும் இல்லீங்க."

 அவர் அடுத்த பாத்திக்கு மடை திறக்கப் போனார்.