பூரணியக்கா கண்டது

"எட்டு மான்!" என்றாள் பூரணி, ஸ்கூட்டியை விட்டு இறங்காமலே. "எட்டும் றோட்டுக்குக் குறுக்கால நிண்டு, இடியப்பம் தந்தால்தான் வழி விடுவம் எண்ட மாதிரிப் பாக்குதுகள். என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான்!"

விறாந்தைக் கதிரையில் இருந்த கனகசுந்தரம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு," என்றார்.

அவர் வாசல் படலையைக் கூடத் தாண்டவில்லை. ஆனாலும் அவர் சொல்லும் கணக்குத்தான் சரியாக இருக்கும். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர். எதன் நிறையையும் பார்த்த பார்வையில் சொல்லிப் பழகியவர். கலியாணமான நாள் தொட்டு அவள் கூட்டுவதும் அவர் கழிப்பதுமாகவே அந்தக் குடும்பம் ஓடுகிறது.

லிங்கநகரில் பூரணியின் இடியப்பம் போகாத ஒழுங்கை குறைவு. விடியும்போதே பெட்டியில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதைப்பாள். வார் தாடைக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும். கதை தொடங்குமுன் இரண்டு பக்கமும் ஒருதரம் பார்ப்பாள். முதல் வசனத்தை மிக மெதுவாகச் சொல்லுவாள். அடுத்த வசனம் முன்வீட்டுக்கும் கேட்கும். அவள் வாயில் சுறா படகளவு வளரும். சாதாரணக் காய்ச்சல் கண் திறக்க ஏலாத காய்ச்சலாகும். "பூரணியக்காட சம்பலிலயும் கதையிலயும் உறைப்புக் கூட" என்று சிரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கிக்கொள்ளும் சனம்.

கடைசி ஒழுங்கையின் முடிவில் இருக்கும் சின்ன வீட்டுக்குப் புதிதாக ஒரு பெண் குடிவந்தாள். ஒருநாள் விடிய, பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் பூரணியை மறித்து, தினமும் ஐந்து இடியப்பத்தை யன்னல் கம்பிக்குள்ளால் வைத்துவிடும்படி சொல்லிப்போனாள். பஸ் வரும்வரை கதைத்தது பூரணிதான். பெயரென்ன, எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்க இடம் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் கண்டது இவ்வளவுதான்: கதவில் வெளிப்பக்கமாக ஒரு பூட்டு. பாதி சாத்திய யன்னல். பொதியை எடுக்க உள்ளேயிருந்து நீளும் ஒரு சின்னக் கை. கதை சொன்னால் அந்தக் கை கேட்டுக்கொண்டு நிற்கும். முடிந்ததும் உள்ளே போய்விடும்.

ஒரு திங்கட்கிழமை, முந்தின நாள் வைத்த பொதி கம்பியிலேயே கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது. பூரணி யன்னலில் தட்டினாள். கனநேரம் கழித்து ஒரு குரல் வந்தது. "அன்ரி, தண்ணி இருக்கோ?"

தன் போத்தலைக் கம்பிக்குள்ளால் கொடுத்தாள். குடிக்கிற சத்தம் வெளியே கேட்டது. "பேர் என்ன குஞ்சு?"

"ஆரோடயும் கதைக்கக் கூடாது எண்டு அம்மா சொன்னவ."

பூரணி ஸ்கூட்டியைத் திருப்பினாள். அவளுடைய பயம் எப்போதும் நேரே வாய்க்குத்தான் போகும். முதல் திருப்பத்தில் ஆசிரியை சோபனாவின் படலை. இரண்டு பக்கமும் பார்க்கக்கூடப் பொறுக்காமல் கொட்டினாள். "ஒரு பிள்ளையைப் பூட்டி வைச்சிருக்கினம், சோபனா! சங்கிலியால கட்டி! உடம்பெல்லாம் காயம்! என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான்!"

சோபனா இடியப்பத்தை வாங்கிக்கொண்டே சிரித்தாள். "சங்கிலியோ? போன கிழமை மானுக்கு ஆறடிக் கொம்பு எண்டனீங்கள். போங்கோ அக்கா, எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

படலை சாத்தப்பட்டது. பூரணி அதற்கு முன்னாலேயே நின்றாள். அவள் சொன்னதை ஒருவர் நம்பாமற் போவது புதிதில்லை. ஆனால் இன்றைக்கு அவளோடு சேர்ந்து அந்தப் பிள்ளையும் நம்பப்படாமற் போனது.

மிச்ச வீடுகளுக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினாள். கனகசுந்தரம் நடந்ததைக் கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்தார். "இஞ்சாரும், என்னத்தைக் கண்டனீர்?"

"பூட்டு."

"பிறகு?"

"கை. தண்ணி கேட்டது. நேற்றையான் பொதி எடுக்கேல்லை."

"சங்கிலி?"

பூரணி ஹெல்மெட் வாரைப் பிடித்து இழுத்தாள். "காணேல்லை."

"காயம்?"

"முகமே காணேல்லையப்பா."

"எனக்கும் பயமாத்தான் கிடக்கு," என்றார் அவர். "பிழையாச் சொன்னால் ஒரு குடும்பம் நாறிப்போகும். சொல்லாட்டி, அந்தப் பிள்ளை உள்ளுக்கையே கிடக்கும்." போனை எடுத்துச் சிறுவர் உதவி இலக்கத்தை அழுத்தி அவளிடம் நீட்டினார்.

பூரணியின் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமான கதை இருந்ததில்லை. பிள்ளையின் பெயர்? தெரியாது. வயது? "கையைப் பாத்தால் ஆறு ஏழு இருக்கும். சரியாச் சொல்ல ஏலாது." தாயின் பெயர்? தெரியாது. அடிக்கிறார்களா? "தெரியாது பிள்ளை. சத்தம் ஒண்டும் கேக்கேல்லை." ஒவ்வொரு 'தெரியாது'வுக்கும் கணவரைப் பார்த்தாள். அவர் கழிக்க ஒன்றுமில்லாமல் இருந்தார். இனி போனை வைத்துவிடுவார்கள் என்று அவள் நினைத்த நேரம், மறுமுனையில் இருந்த பெண், "அம்மா, வீட்டுக்கு எப்பிடிப் போறது எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" என்றாள்.

மத்தியானத்துக்கு முன் பிரதேச செயலகத்திலிருந்து இருவரும் ஒரு பெண் பொலிஸும் வந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் விசாரித்து, நிலாவெளிப் பக்க ஹொட்டேலில் அறை துப்புரவாக்கும் தாயைக் கூட்டிவந்து பூட்டைத் திறப்பித்தார்கள். பிள்ளைக்கு முதல்நாளிலிருந்தே காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாய் தனியாள். ஊர் மாறி வந்ததில் பள்ளிக்கூட அனுமதி இழுபட்டுக் கிடந்தது. விட்டுப்போக ஆளில்லை, வெளியே விடப் பயம், அதற்குத்தான் பூட்டு. பிள்ளையை அவளிடமிருந்து பிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், பின்னேரங்களில் பார்த்துக்கொள்ள ஓரிடம் ஒழுங்குசெய்தார்கள், ஹொட்டேலில் பேசி வேலை நேரத்தை மாற்றினார்கள். கிழமைக்கு ஒருதரம் ஒருவர் வந்து பார்த்துப்போகிறார்.

யார் சொன்னதென்று அவர்கள் வெளியிடவில்லை. பூரணியும் சொல்லவில்லை. வாழ்நாளில் கிடைத்த மிகப் பெரிய கதையை வாய்க்குள் வைத்துக்கொண்டு இடியப்பம் விற்றாள். கன்னம் வீங்கியதுபோல இருந்தது. ஆனால் அந்தச் சங்கிலிக் கதை மட்டும் படலை படலையாகத் திரிந்து ஒருநாள் சோபனாவின் வாயாலேயே அவளிடம் வந்தது. "அக்கா, நீங்கள் சொன்னது உண்மைதானே! சங்கிலியால கட்டித்தான் வைச்சிருந்தவவாம்!"

"சங்கிலி இல்லை பிள்ளை," என்றாள் பூரணி. "அது நான் சேர்த்தது. பூட்டு மட்டும்தான். ஆரும் கேட்டால் அப்பிடியே சொல்லும்."

அடுத்த கிழமை, ஸ்கூட்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது படலையடியில் அந்தத் தாய் வந்து நின்றாள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் பெரிய பையுமாக ஒரு சிறுமி. முகம் புதிது. படலையைப் பிடித்திருந்த கை புதிதில்லை.

"இந்த அன்ரிதான் தண்ணி தந்தவ," என்றாள் சிறுமி.

தாய் பூரணியை நேரே பார்த்தாள். "அக்கா, அறிவிச்சது நீங்களோ?"

கனகசுந்தரத்தின் பேப்பர் கீழே இறங்கியது.

"ஓம்," என்றாள் பூரணி. அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

"அண்டைக்கு எனக்குச் சரியான கோவம் வந்தது."

"வரும்தானே தங்கச்சி."

"இப்பவும் கொஞ்சம் கிடக்கு." அவள் பேர்ஸைத் திறந்தாள். "பத்து இடியப்பம் தாங்கோ. சம்பலும் வையுங்கோ."

பூரணி கட்டிக் கொடுத்தாள். பிறகு சிறுமியின் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முக்கால்வாசி இருந்தது. குசினிக்குள் போய்க் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகி, ஒழுகுகிறதா என்று ஒருதரம் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையில் கொடுத்தாள்.