கோமதி அக்காவின் எந்தக் கதை?

கோமதி அக்கா இறந்த செய்திக்கு நான் 'வாழ்த்துகள் அக்கா, மேலும் பல உயரங்கள் தொடுங்கள்' என்று எழுதினேன். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி உருக்கமாக நாலு பத்தி எழுத எனக்குக் கை வரவில்லை. மறைக்கவும் முடியாது. நம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேரும் பார்த்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மன்னார்புரத்தில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். குழுவில் அக்காவின் படம் வந்தது. நம் மாதக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் வடிவமைக்கும் ஷாஜகான் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு மாதமும் நாம் அறிமுகப்படுத்தும் எழுத்தாளரின் முகத்தை ஒரு வட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் நீலக் கரை போட்டு அனுப்புவாரே, அதே வட்டம், அதே கரை. அவசரத்துக்கு அவரிடம் அதுதான் இருந்திருக்கிறது. படத்துக்குக் கீழே 'நம் கூட்டத்தின் தூண், சிறுகதை எழுத்தாளர் கோமதி அவர்கள்' என்று தொடங்கி, 'மேலும் படிக்க' என்று நின்றது. நான் மேலும் படிக்கவில்லை. ஏதோ விருது என்று நினைத்துக் கை தானாக வாழ்த்திவிட்டது. என்னைப் பார்த்து இன்னும் சிலர் வாழ்த்தினார்கள். ஒருவர் பூங்கொத்து வைத்தார்.

ஷாஜகானே போனில் கூப்பிட்டார். "அண்ணே, முழுசா படிங்கண்ணே. அக்கா தவறிட்டாங்க. விடியக்காலை நெஞ்சு வலின்னு சொல்லியிருக்காங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

பதறிப்போய் நீக்கினேன். நீக்கினாலும் அது போய்விடுகிறதா? அவர் சிரிக்கிற படத்துக்குக் கீழே 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்து உட்கார்ந்துகொண்டது. என்னைப் பின்பற்றியவர்களும் ஒவ்வொருவராக நீக்க, அதே வரி வரிசையாக இறங்கியது. டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன்.

நம் கூட்டத்தை அறியாதவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அது எங்களுடையது. பிள்ளைகளுக்கான பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்து, இந்தப் பக்கத்துக் கவிஞர் ஒருவரையோ கதைக்காரர் ஒருவரையோ அறிமுகப்படுத்துவோம். துறையூர், முசிறி, லால்குடி, மணப்பாறை என்று எங்கே யார் எழுதினாலும் தேடிப்பிடித்து அழைத்து வருவது கோமதி அக்காவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் வீடு. சொந்த ஊர் உப்பிலியபுரம்.

அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாவலாசிரியரை ஒருமுறை அழைத்து வந்திருந்தார். உரக்கடை வைத்திருப்பவர், கூட்டத்தில் வாயே திறக்கத் தெரியாத மனிதர். எங்கள் தலைவர் எழுந்து அந்த நாவலின் மண்வாசனையைப் பற்றிப் பேசினார். பச்சைமலைக் காற்று, ஏர் பூட்டிய உழவன், வயல் வரப்பு என்று மூச்சு விடாமல் போனார். நாங்கள் கை தட்டினோம், என் கைதான் முதலில் தட்டியிருக்கும். கடைசியில் அக்கா நன்றி சொல்ல வந்தார். "தலைவர் ரொம்ப அழகா பேசினாங்க. ஆனா இந்த நாவல்ல மண்ணே வராதுங்க. முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு லாரிக்குள்ளேயே நடக்குது. டிரைவர் கீழயே இறங்க மாட்டார். அதுதான் இதோட அழகு" என்றார். தலைவர் உட்பட எல்லோரும் சிரித்தோம். உரக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்றியுரையை எப்போதும் அவர்தான் கேட்டு வாங்கிக்கொள்வார். வேறு யாருக்கும் அது வேண்டியதும் இல்லை. நன்றியுரை ஆரம்பித்தால் செருப்பைத் தேடுகிற கூட்டம் நாங்கள். சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தபடி, கடைசி பஸ்ஸைப் பற்றிப் பேசியபடி பாதிப் பேர் படியில் இருப்போம். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அன்று வாசித்த ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு வரியைத் திருப்பிச் சொல்லி நன்றி கூறுவார். எதற்கு அக்கா இந்த மெனக்கெடல் என்று ஒருநாள் கேட்டேன். "நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் நன்றி சொல்லிட்டு இறங்கவா தம்பி? வாசிச்சவங்க காதுல, நாம கேட்டோம்னு விழணும். அதுக்குத்தான் அவ்ளோ தூரத்துலேருந்து வர்றாங்க" என்றார். நான் அப்போதும் படியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

எழுதுகிறவர்களுக்கு அவரிடமிருந்து போன் வரும். காவிரிக்கரையில் நடைப்பயிற்சி போகும்போது கூப்பிடுவார், பின்னால் கோயில் பாட்டும் பஸ் ஹாரனும் கேட்கும். என் கதை ஒன்று பத்திரிகையில் வந்தபோது 'அருமை' என்று வந்த செய்திகளை எண்ணி மகிழ்ந்துகொண்டிருந்தேன். அக்கா கூப்பிட்டார். "தம்பி, உங்க ஆளு கடைக்கு சைக்கிள்ல போறாரு, திரும்பி நடந்து வர்றாரு. சைக்கிள கடையிலயே விட்டுட்டீங்களே, யாராவது எடுத்துட்டுப் போயிடப் போறாங்க." எனக்குக் கோபம் வந்தது. ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே என்று மனைவியிடம் சலித்துக்கொண்டேன். அந்தக் கதையை ஆசிரியரோ, திருத்தியவரோ, நானோ கூட அவ்வளவு கவனமாகப் படிக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இத்தனை பேரை மேடையேற்றியவர் தன் கதைகளைப் பற்றி வாயே திறக்கமாட்டார். போன வருஷம் நாங்கள் விடாப்பிடியாக நின்ற பிறகுதான் தொகுப்பு வந்தது. நம் மாடி அறையிலேயே வெளியீடு, வாழ்த்துரை நான். புத்தகம் ஒரு வாரமாக என் பையில் இருந்தது. வருகிற வழியில் டவுன் பஸ்ஸில் பின்னட்டையையும் முதல் கதையின் இரண்டு பக்கங்களையும் படித்தேன். மேடையில் ஏறி 'பெண்ணின் வலியைப் பேசும் கதைகள்' என்றேன். பெண் எழுதினால் வலி என்று சொல்லிவிட்டால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஏற்புரையில் அக்கா ஒவ்வொருவரும் சொன்னதைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். என் முறை வந்தபோது "தம்பி நல்லா பேசினாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகாவது நான் படித்திருக்கலாம், படிக்கவில்லை.

ஓயாமரி மயானத்தில் எரியூட்டியபோது கூட்டத்தின் கடைசியில் ஒளிந்து நின்றேன். அந்த வாழ்த்துச் செய்தியை யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். சில நாள் கழித்துத் தலைவரும் ஷாஜகானும் நானுமாக வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனோம். அக்காவின் கணவர் நடராஜன் சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நம் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. அக்காவின் போன் அவர் பக்கத்தில் கிடந்தது. என் வாழ்த்தை அதில் அவர் பார்த்திருப்பாரோ? மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் வேறொன்று கேட்டார்.

"நான் கதையெல்லாம் படிக்கிறவன் இல்ல சார். அவளும் படின்னு சொன்னதில்ல. இப்ப படிக்கணும்னு தோணுது. ஆனா புத்தகத்த எடுத்தா முதல் வரியிலேயே அவ குரல் கேக்குது, தாங்கல. எல்லாத்தையும் என்னால முடியாது, ஒண்ணே ஒண்ணு படிச்சிடுறேன். நீங்கல்லாம் எழுதுறவங்க. எதைப் படிக்கட்டும், சொல்லுங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். ஷாஜகான் தரையைப் பார்த்தார். நான் "எல்லாமே நல்லா இருக்கும் சார்" என்றேன். "ஆமா, எல்லாமே" என்றார் தலைவர். நடராஜன் சார் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை. "சரிங்க, காபி சாப்பிடுங்க" என்று எழுந்து உள்ளே போனார். என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக நான் எங்கும் உட்கார்ந்திருந்ததில்லை. மனைவியை இழந்த மனிதர் கேட்டது ஒரு கதையின் பெயர். வருஷக்கணக்கில் அக்கா கையால் மேடையேறிய மூன்று பேரிடமும் அது இல்லை.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் படித்தேன். முதல் பக்கம் தொடங்கி, ஒரு வரி விடாமல். அந்தத் தொகுப்பில் நான் மேடையில் சொன்ன வலி இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். மீதியெல்லாம் குறும்பு. நம்மை எல்லாம் இவ்வளவு கூர்ந்து பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு நாளும் நாம் கண்டுபிடிக்கவில்லை. நானும் பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன், சிரித்த பிறகு கூசிப்போனேன்.

சாயங்காலம் தனியாக ஸ்ரீரங்கம் போனேன். முதலில் அந்த வாழ்த்துச் செய்தியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லையாம். "நேத்து எனக்குப் பதில் தெரியல சார், ஏன்னா நான் படிக்கல. இன்னைக்குப் படிச்சேன். அந்தப் பஸ் கதையப் படிங்க" என்றேன்.

"என்ன பஸ்?"

சொன்னேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போக நிற்கிற பெண், இடம் பிடிப்பதற்காக ஜன்னல் வழியே பையைச் சீட்டில் போடுகிறாள். அது வேறு பஸ். பை கிளம்பிவிடுகிறது. உள்ளே ஒரு தேங்காயும் கொஞ்சம் கறிவேப்பிலையும்தான். அடுத்த பஸ் பிடித்துத் துரத்திப்போய் முசிறியில் மடக்குகிறாள். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம், ஆனால் பை இருந்த சீட் மட்டும் காலி. 'ஆள் வருவாங்கன்னு யாரும் உக்காரலம்மா' என்கிறார் கண்டக்டர்.

நடராஜன் சாருக்குத் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். "சார், அது நெசமாவே நடந்தது. உப்பிலியபுரம் பஸ்ஸுன்னு நெனச்சு நாமக்கல் பஸ்ஸுல பையப் போட்டது நான்தான். ஊருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் என்னைத் திட்டினா. கதையில யார் போட்டதா எழுதியிருக்கா?"

"தானே போட்டதா எழுதியிருக்காங்க."

"நான் வர்றேனா?"

"வர்றீங்க. 'போனா போகட்டும், வேற தேங்காய் வாங்கிக்கலாம்'னு சொல்றீங்க."

"நானா? அந்தத் தேங்காய்க்காக டிரைவர்கிட்ட சண்டையே போட்டேன் சார்." சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "எத்தனாவது பக்கம்?" என்று கேட்டார். புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நண்பர்களே, இரங்கல் கூட்டத்தில் நாம் எல்லோரும் பேசினோம். தூண் என்றோம், ஆலமரம் என்றோம், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றோம். ஒரு கதையின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. நான் உட்பட. அப்போது நான் படித்து முடித்திருந்தேன், ஆனாலும் எல்லோர் முன்னாலும் தனித்து நிற்கக் கூச்சமாக இருந்தது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்த வெட்கத்தைத்தான். இது ஆறிவிடக்கூடாது என்று நினைக்கிறேன். ஆறினால் மறுபடியும் பின்னட்டையோடு மேடையேறிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

ஒன்று போதும் என்றிருந்த நடராஜன் சார், போன வாரம் கூப்பிட்டு, "அடுத்தது எது சார்?" என்று கேட்டார். நான் கதையின் பெயரைச் சொல்லவில்லை. அக்காவின் நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் யாராவது வந்து சொல்வார்கள் என்றேன். அவர் நம்பிவிட்டார். தினமும் சாயங்காலம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.